திரையில் இரண்டு வோல்ட்

என் சகலையை இந்த ஆய்வுக்கூடத்தில் சேர்த்துவிட்டதே நான்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. சின்ன மகளின் கணவன் வேலையில்லாமல் இருக்கிறானே என்று மாமியார் மூக்கைச் சிந்த, நான் மேலாளரிடம் போய் நின்றேன். இரண்டே வருடம். மேலாளர் காலையில் நுழைந்ததும் "சின்னவர் வந்தாச்சா?" என்றுதான் கேட்கிறார். பதினோரு வருடமாக அதே மேசையில் இருக்கும் நான் வந்தேனா இல்லையா என்று கேட்க ஆளில்லை.

வீட்டிலும் அதே பாட்டுத்தான். மாமனார் வீட்டில் ஒரு விளக்கு எரியவில்லை என்றால் "சின்ன மாப்பிள்ளை வரட்டும்" என்பார்கள். நான் அந்த விளக்குக்குக் கீழேயே உட்கார்ந்திருப்பேன். வயிறு எரியும். பொறாமை என்று சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

இந்த மாதம் எங்கள் பொறுப்பாளர் ஓய்வு பெறுகிறார். அந்தப் பதவி எனக்கா அவனுக்கா என்பதுதான் பேச்சு. இயந்திரங்களின் அதிர்வைப் படிக்கும் ஒரு எலக்ட்ரானிக் போர்டை அவன் மூன்று மாதம் உட்கார்ந்து செய்திருந்தான். வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர்கள் முன்னால் அது ஓடிவிட்டால் பதவி அவனுக்கு. மேலாளர் இதை என் காதுபடவே சொன்னார்.

நிஜ இயந்திரத்தை மேசைக்குத் தூக்கிவர முடியாது. அதனால் ஃபங்ஷன் ஜெனரேட்டரில் அதேபோன்ற ஒரு சிக்னலை உண்டாக்கி போர்டுக்குக் கொடுப்போம். வெள்ளிக்கிழமை காலை அவன் எல்லாவற்றையும் செட் செய்துவிட்டு என்னிடம் வந்தான்.

"அண்ணே, ஆஸிலோஸ்கோப்பை மாடிக்காரங்க தூக்கிட்டுப் போயிட்டாங்க. அளந்து பாக்க முடியலை. செட்டிங்கை நீங்க ஒரு தடவை பாத்துடுங்களேன். போர்டு மூணு வோல்ட்டுக்கு மேல தாங்காது."

பார்த்தேன். சைன் அலை, நூறு ஹெர்ட்ஸ், இரண்டு வோல்ட். எல்லாம் சரி. திரையின் மூலையில் மட்டும் பொடி எழுத்தில் 'லோடு 50 ஓம்' என்று இருந்தது. முந்தின நாள் வேறு யாரோ வைத்துவிட்டுப் போனது. இந்தக் கருவி நாம் சொன்னதை அப்படியே நம்பும். ஐம்பது ஓம் லோடு மாட்டியிருக்கிறது என்று சொன்னால் அதற்கேற்ற எண்ணைக் காட்டும். அந்த லோடு இல்லாத போர்டில் மாட்டினால், காட்டுவதைப் போல இரண்டு மடங்கைத் தள்ளிவிடும். திரையில் இரண்டு, போர்டுக்கு நாலு. ஒரு பட்டனைத் தட்டினால் சரியாகிவிடும்.

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மேலாளர் கதவருகிலிருந்து, "சின்னவரே, ரெடியா?" என்றார். பக்கத்தில் நிற்கும் என்மேல் அவர் கண்கூடப் படவில்லை.

"எல்லாம் கரெக்டாதான் இருக்கு தம்பி. போட்டுடு," என்றேன்.

வாடிக்கையாளர்கள் வந்து உட்கார்ந்ததும் மாட்டினான். புகை கிகை எதுவும் இல்லை. லேசாக ஒரு தீய்ந்த வாசனை, அவ்வளவுதான். போர்டின் விளக்கு அணைந்தது. வாடிக்கையாளர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள், இன்னொரு நாள் பார்க்கலாம் என்று எழுந்தார்கள். அவன் முகம் செத்துப்போயிருந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கு அது இனித்தது.

மேலாளர் எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். "கனெக்ட் பண்றதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

என்னைக் கைகாட்டப் போகிறான் என்று காத்திருந்தேன்.

"இல்ல சார். அவசரத்துல நானே போட்டுட்டேன். என் தப்புதான்," என்றான் அவன்.

சாயங்காலமே பதவி எனக்கு என்று முடிவானது. மாமனாரே போனில் வாழ்த்தினார். மனைவி அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் சகலை என்னை மேசைக்குக் கூப்பிட்டான். ஜெனரேட்டரை ஆன் செய்திருந்தான்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. ஆஸிலோஸ்கோப் திரும்பி வந்ததும் அளந்து பாத்தேன், நாலு வோல்ட் வருது. லோடு செட்டிங்தான் காரணம். உங்ககிட்ட காட்டினேன்னு சார்கிட்ட சொல்லியிருந்தா, பதினோரு வருஷமா இருக்காரே, இதுகூடத் தெரியாதான்னு கேட்டிருப்பாரு. அதான் சொல்லலை. வீட்லயும் மூச்சு விடலை. இனிமே நீங்கதான் பொறுப்பாளர். நாளைக்கு யாராவது கேட்டா முழிக்கக் கூடாதில்ல? ஒரு அஞ்சு நிமிஷம் உக்காருங்க."

கிண்டல் செய்கிறானா என்று அவன் முகத்தை உற்றுப் பார்த்தேன். ஒரு துளி இல்லை. இருந்திருந்தால் நிம்மதியாகச் சண்டையாவது போட்டிருப்பேன். எனக்குத் தெரியும் என்று சொன்னால், தெரிந்துதான் கெடுத்தேன் என்றும் சொல்லியாக வேண்டும். உட்கார்ந்தேன்.

தாளில் படம் போட்டு விளக்கினான். வோல்ட் எப்படிப் பாதியாகப் பிரிகிறது என்று, முதல் வருட மாணவனுக்குச் சொல்வதுபோல், பொறுமையாகச் சொன்னான். நானும் "ஓ, அப்படியா" என்று இரண்டு இடத்தில் சொன்னேன்.

"இப்ப நீங்களே மாத்துங்க பாக்கலாம்."

அந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டும் எனக்குத் தெரியும். அதைத் தாண்டிப் போய் பக்கத்துப் பட்டனை அழுத்தினேன். திரையில் சதுர அலை வந்தது.

"பரவால்லண்ணே," என்று என் விரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தான். "போகப் போக வந்துடும்."