கடைசி இடைவேளை

1

இந்தக் கதை எனக்கு முக்கால்வாசிதான் கிடைத்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கக் கூடாது.

குடியாத்தம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நான் சினிமாவைப் பற்றி வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். படத்தில் அம்மா ஒரு தடவை இருமினால் அடுத்த ரீலில் மாலை போட்ட போட்டோ ஆகிவிடுகிறாள். கோர்ட்டு சீன் வந்தால் எவனாவது ஒருவன் வாசலில் நின்று "நிறுத்துங்கள்" என்று கத்தாமல் தீர்ப்பு வருவதில்லை. எனக்கு இதெல்லாம் தெரியும், தெரிந்தும் மறுவாரம் கியூவில் முதல் ஆளாக நிற்பேன். இப்படி நான் அளந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் இருந்த வேதாசலம் என்கிற நெசவாளி கிளாஸைக் கீழே வைத்தார்.

"எங்க தெருவுல ஒரு அம்மா கீது சார். படத்தை முக்கால்தான் பாக்கும். கதைய முழுசா சொல்லும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று இன்னொரு டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் சொன்னார். நல்ல கட்டத்தில் ஆம்பூர் பஸ் வந்து, கண்டக்டர் விசில் அடித்து, அவர் ஏறிப் போய்விட்டார்.

2

ஆரம்பத்தை எப்படி எழுதுவது?

"தறிச் சத்தத்தில் கண் விழிக்கும் அந்தத் தெருவில்—" வேண்டாம். நெசவாளர் கதை என்றாலே எல்லோரும் அந்தச் சத்தத்தைத்தான் முதலில் போடுகிறார்கள்.

"தனகோடி பேரழகி—" அப்படி வேதாசலம் சொல்லவில்லை. நானாகச் சேர்த்தால் அது சினிமா.

சரி, இதுதான் முதல் வரி: தனகோடிக்குச் சினிமா என்றால் உயிர்.

கொட்டகையில் பாட்டுத் தட்டு போடும் சத்தம் காற்றில் வந்துவிட்டால் அவளுக்குக் கை வேலையில் நிற்காது. மாமியார் கெங்கம்மாள் போகவேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். "போய்ட்டு வா. ஆனா கூட்டம் கலையறதுக்கு முன்னாடி ஊடு வந்து சேரணும். அந்த நெரிசல்ல நீ இடிபட்டுக்கினு வர வேணாம்."

கெங்கம்மாள் கொட்டகைக்குள் காலே வைத்தவள் இல்லை. கோயிலில் கற்பூரம் காட்டியானதும் ஜனங்கள் உட்கார்ந்து பேசி, பொரி தின்று, சாவகாசமாகக் கலைவார்களே, சினிமாவும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். படம் முடிவதும் கூட்டம் எழுவதும் ஒரே நிமிஷம் என்று அவளிடம் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. சொன்னால் போவதே நின்றுபோகும் என்று தனகோடியும் வாயைத் திறக்கவில்லை.

புருஷன் கோவிந்தராஜ் அம்மா பேச்சைத் தட்டாதவன். பகலெல்லாம் தறியில் உட்கார்ந்த அசதியில் ஆண்கள் பக்கத்து மணலில் படுத்துத் தூங்கிவிடுவான். (டூரிங் கொட்டகையில் ஒரே மிஷின். ரீல் மாற்றுகிற போதெல்லாம் விளக்கைப் போட்டு இடைவேளை விடுவார்கள். முறுக்கு வியாபாரிக்கு அது ஒரு வரம், கதாநாயகிக்குத்தான் பேஜார்; அழ ஆரம்பித்த கண்ணீரை அடுத்த ரீல் வரை தாங்கிப் பிடிக்கவேண்டும்.) கடைசி இடைவேளையில் மட்டும் அவன் சரியாக எழுந்து, பெண்கள் பக்கத்துத் தடுப்புக்கு அருகே வந்து நின்று இருமுவான். அவள் எழுந்துவிடுவாள்.

"சுபம்" என்ற எழுத்தைத் திரையில் அவள் பார்த்ததே இல்லை.

3

மறுநாள் விடிந்ததும் தறியில் ஏற்றுவதற்கான பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்கவேண்டிய வேலை, தெருவே வந்து இரண்டு பக்கமும் நிற்கும். தனகோடி கஞ்சியை நீவிக்கொண்டே, கொட்டகைக்குப் போகாத மற்றப் பெண்களுக்குக் கதை சொல்லுவாள். முதல் தடவை, பார்த்தது தீர்ந்துபோன இடத்தில் அவள் நின்றுவிட்டாள். எல்லோரும் கையை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்கள். அப்புறம் முடிவு தானாக வாயில் வந்து உட்கார்ந்தது. சொல்லி முடித்தபோது அவளுக்கே புல்லரித்தது.

ஆண்களில் சிலர் அந்தப் படங்களின் முடிவைப் பார்த்தவர்கள்தானே, வேதாசலம் உட்பட? ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டேன்.

"அது சொன்னது நல்லா இருந்திச்சு சார்" என்றார்.

4

இங்கே அமிர்தவள்ளி வருகிறாள். ஆம்பூர் தோல் டேனரி மேஸ்திரிக்கு வாழ்க்கைப்பட்டவள். அக்கம்பக்கம் பார்க்க அவன் அவளை அறைந்து, "போடி உங்க ஊட்டுக்கு" என்று சொல்ல, இதே தெருவில் இருக்கிற அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளும் பாவு பக்கத்தில் நின்று கதை கேட்டாள்.

அன்றைக்குத் தனகோடி சொன்ன படத்திலும் ஒரு புருஷன் சந்தேகப்பட்டுப் பெண்டாட்டியை விரட்டுகிறான். அவள் துணி தைத்துப் பிழைக்கிறாள். ஒருநாள் பேய்மழை. அவள் குடிசைக்குள் நின்று கதவின் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். கடைசி இடைவேளை. தனகோடி பார்த்தது அவ்வளவுதான்.

தனகோடி சொன்ன முடிவு: கதவைத் திறந்தால் வாசலில் புருஷன் தொப்பலாக நிற்கிறான். "உள்ளே வராதீங்க. விரட்டினது தெருவுக்கே கேட்டுச்சில்ல? கூப்பிடறதும் தெருவுக்குக் கேக்கட்டும்" என்கிறாள் அவள். அவன் மழையில் நின்றபடி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான்.

படத்தின் முடிவு (வேதாசலம் சொன்னது): கதவைத் திறந்துகொண்டு அவளே மழையில் ஓடிப்போய் அவன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுச் செத்துப்போகிறாள்.

மேஸ்திரியின் தோஸ்த் ஹயாத் பாஷா ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வந்து, "தானா வந்தா சேத்துக்கிறேன்றான்மா" என்று சொன்னபோது அமிர்தவள்ளி உள்ளே இருந்தே பதில் சொன்னாள். "அவரே வந்து கூப்பிடட்டும் பாய். தெருவுல நின்னு."

(ஒரு சினிமாக் கதையைக் கேட்டு யாராவது வாழ்க்கையில் முடிவெடுப்பார்களா என்று எனக்கு இங்கே சந்தேகம் வந்தது. ஒரு படத்தைப் பார்த்துவிட்டு நான் தலை வகிட்டை மாற்றிக்கொண்டது ஞாபகம் வந்தது. சந்தேகம் போய்விட்டது.)

5

பழைய படத்தைப் பெண்களுக்கு மட்டும் பகல் காட்சியாக, புதிதாகக் கட்டிய தியேட்டரில் போட்டார்கள்; அங்கேயும் ஒரே மிஷின்தான். அதே படம்! ஒரு சனிக்கிழமை தெருவே கிளம்பியது, கெங்கம்மாள் உட்பட. மறுநாள் ஹயாத் பாஷா கடைசித் தடவையாகப் பதில் கேட்டு வருவதாகச் சொல்லியிருந்தார்.

தனகோடிக்கு இரண்டு பயம். குட்டு உடைந்துவிடும் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, தன் வார்த்தையை நம்பி ஒருத்தி வாழ்க்கையை நிறுத்திவைத்திருக்கிறாளே என்ற பயம். இரண்டுக்கும் மேலே, வெட்கக்கேடு, ஒரு சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. இன்றைக்கு இருமுவதற்கு ஆள் இல்லை! ஒரு படத்தை முடிவு வரை பார்க்கப்போகிறாள்!

மழை வந்தது. தாழ்ப்பாளில் கை. விளக்கு எரிந்தது.

அமிர்தவள்ளி எழுந்து நின்றாள்.

(இந்த இடத்தில்தான் கண்டக்டர் விசில் அடித்தான்.)

6

இனி என் பாடு.

"பிலிம் அறுந்துவிட்டது, எல்லோரும்—" சீ. அது கதைக்காரன் தப்பித்துக்கொள்கிற வழி.

"அமிர்தவள்ளி முடிவைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டியோடு ஆம்பூர் பஸ்—" எழுதியதும் எனக்கே கோபம் வந்தது. கிழித்துவிட்டேன்.

வேலூர் வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது இது வந்தது. வந்த வேகத்தில் பக்கத்து ஆளின் தொடையைத் தட்டிவிட்டேன்.

"எங்கடி போற?" என்றாள் தனகோடி.

"வெளிய. உனக்கு எப்பவும் இதானே நேரம்?" அமிர்தவள்ளி குனிந்து ரகசியமாகச் சொன்னாள். "நீ ஊடு வந்து சேந்து அடுப்ப மூட்டின அப்புறந்தான் தெருவுல கொட்டகைக் கூட்டம் வரும். எனக்குத் தெரியாதாக்கா?"

தனகோடி அவள் கையைப் பிடித்தாள். "தெரிஞ்சுமா பாய்கிட்ட அப்படிச் சொன்னே?"

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

"இரு, நானும் வர்றேன்."

"நீ குந்து. ஒண்ணாச்சும் முழுசா பாரு." அவள் தனகோடியின் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். "நாளைக்கு எனக்குச் சொல்லு."

விளக்கு அணைந்தது. தனகோடி வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு முடிவைப் பார்த்தாள். "சுபம்" என்ற எழுத்து இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. அந்தப் பெண் செத்துக்கிடந்தாள், அவர்கள் சுபம் என்று போட்டார்கள். வெளியே வரும் நெரிசலில் கெங்கம்மாள் மருமகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கூட்டம் கலையறதுன்னா இதானா? அப்ப இத்தினி நாளா நீ..." சொல்லவந்ததை விழுங்கிக்கொண்டு, "நீ சொன்னதுதான் ஜோரு" என்றாள்.

7

ஞாயிறு காலை. பாவு இழுத்துக் கட்டியாகிவிட்டது. தெருவில் எல்லாப் பெண்களும் படத்தை முழுசாகப் பார்த்தவர்கள், ஒருத்தியைத் தவிர. ஹயாத் பாஷா சைக்கிளை ஸ்டாண்டு போட்டார்.

"இன்னாம்மா, அவன்கிட்ட இன்னா சொல்லட்டும்?"

"செத்த இருங்க பாய்" என்றாள் அமிர்தவள்ளி. "கதை முடிஞ்சதும் சொல்றேன். ம், சொல்லுக்கா. தாழ்ப்பாள்ல கை வெச்சாளே, அப்புறம்?"

யாரும் நிமிரவில்லை. எல்லாக் கைகளும் நூலை நீவிக்கொண்டிருக்கின்றன. தனகோடி கையைக் கஞ்சியில் நனைத்துக்கொள்கிறாள்.

அவள் என்ன சொன்னாள் என்று நான் எழுதப்போவதில்லை. படத்தின் முடிவு உங்களுக்கும் தெரியும், நான்தான் சொல்லித் தொலைத்துவிட்டேன். நீங்களும் இந்தப் பாவுக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறீர்கள். தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள். அவள் சொல்லட்டும்.