மோட்டார் நின்ற நேரம்

குளிர்கிடங்கில் ஓர் அறையின் மோட்டார் நின்று, உள்ளே இருந்த பழமெல்லாம் வீணாய்ப் போனதிலிருந்து அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. சாயங்கால ஷிப்டில் அவள் கணவர், ராத்திரி ஷிப்டில் அவள் தம்பி. யார் ஷிப்டில் நின்றதோ அவருக்கு வேலை போகும். அதைக் கணக்குப் போட்டுச் சொல்லும் பொறுப்பை, அங்கேயே பொறியாளராக இருந்த அவள் தலையில் கட்டினார் மேலாளர். இரண்டு பேரும் வேண்டியவர்கள் என்பதால் ஓரவஞ்சனை செய்ய மாட்டாளாம். என்ன நியாயமோ!

காலையில் அறையில் இருந்த சூட்டிலிருந்து தொடங்கி, காலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்த வேண்டும். அறை பழைய குளிருக்குத் திரும்பும் இடம்தான் மோட்டார் நின்ற நேரம். கம்ப்யூட்டர் தம்பியின் ஷிப்டைக் காட்டியது.

"மச்சான் நல்லாத் தூங்கியிருக்கான்," என்றார் கணவர்.

"நான் கண்ணே மூடல அக்கா. மத்த மோட்டாரெல்லாம் இரைஞ்சிட்டிருந்துச்சு, இது ஓடலன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

தம்பி பொய் சொல்ல மாட்டான். மறுபடி உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். அவள் கணக்கில் விடியற்காலையில் வெளியே சாயங்காலப் புழுக்கம் அடித்துக்கொண்டிருந்தது. காலத்தைத் திருப்பியவள், வெளிக்காற்றின் சூட்டை மட்டும் சாயங்காலம் முதல் காலை வரை என்ற பழைய வரிசையிலேயே ஊட்டியிருந்தாள். அந்தப் புழுக்கத்தில் அறை சீக்கிரம் சூடேறியதாகக் கணக்கு நம்பிவிட்டது.

திருத்தி ஓட்டினாள். குளிர்ந்த விடியலில் அறை மெதுவாகத்தான் சூடேறியிருந்தது. விடை நகர்ந்து நகர்ந்து கணவரின் ஷிப்டுக்குள் போய் நின்றது. பிழை இருக்காதா என்று இன்னொரு முறை ஓட்டினாள். இல்லை.

திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"அன்னைக்கு நீ போன் பண்ணுன இல்ல?" என்றார். "நீ பேசறது கேக்கணும்னு பக்கத்துல ஓடுன அந்த மோட்டார மட்டும் நிறுத்துனேன். திரும்பப் போட்டேனான்னு ஞாபகம் இல்ல."

அவளுக்கு ஞாபகம் இருந்தது. கிடங்கின் இரைச்சலில் எரிச்சலாகி, 'அந்தச் சத்தத்த நிறுத்தித் தொலைங்களேன்' என்று கத்தியவள் அவள்தான். தம்பிக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பியதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருந்தாள்.

அவர் எழுந்து சட்டையை மாட்டினார். "மேலாளர்கிட்ட நானே சொல்லிடறேன்."

"இருங்க," என்று செருப்பைத் தேடினாள் அவள். "நானும் வர்றேன்."