பச்சைப் புள்ளி இல்லாத சனிக்கிழமை

முப்பத்தேழாவது ஓவர் முடிந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். கடைசிப் பத்து ஓவரில் பதினான்கே ரன். பென்ஃபோர்ட் அணி ஜெயிக்க இன்னும் ஐம்பத்தெட்டு ரன் வேண்டும், மீதி இருப்பது எட்டு ஓவர். அவர்களுடைய கேப்டன் ராட்னியோ வருகிற பந்தையெல்லாம் காலடியிலேயே செத்து விழும்படி தட்டிக்கொண்டிருந்தார்.

ஏன் அடிக்க மாட்டேன் என்கிறார்?

மார்ல்பெக் கிராம அணிக்குப் பத்தொன்பது வருடமாக ஸ்கோர் எழுதுகிறேன். தோற்கிற அணிகள் பதறிப் பார்த்திருக்கிறேன், அழுது பார்த்திருக்கிறேன். இவ்வளவு நிம்மதியாகத் தோற்கிறவர்களைப் பார்த்ததில்லை.

எங்கள் கேப்டன் நெவில் எல்லைக் கோட்டை ஒட்டி ஆட்களைப் பரப்பிவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றார்.

"என்ன ராட்னி, தூக்கம் வருதா? தலையணை கொண்டாரச் சொல்லட்டுமா?"

"எனக்கு ஒண்ணும் அவசரமில்ல நெவில். நீ போய் ஃபீல்டிங்கப் பாரு."

எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அன்று சீசனின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் மூன்றாம் டிவிஷனில் தங்குவோம், இல்லையென்றால் நான்காவதுக்கு இறங்குவோம். இறங்கினால் கிளப்பை விட்டுப் போய்விடுவதாக மூன்று பேர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். மூன்று பேர் போனால் பதினொரு பேர் தேறாது, அணியே இருக்காது. அப்படிப்பட்ட நாளில் எதிரணி வெற்றியைத் தட்டில் வைத்து நீட்டினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

ஸ்கோர் அறையில் என் பக்கத்தில் கிளமென்ட் இருந்தார். பென்ஃபோர்ட் அணியின் ஸ்கோரர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கத்தில் இரண்டு அணி ஸ்கோரர்களும் ஒரே பெஞ்சில்தான் உட்கார வேண்டும். ஓவருக்கு ஓவர் இரண்டு நோட்டும் ஒத்துப்போக வேண்டும்.

"நூத்திப் பதினொண்ணு, அஞ்சு விக்கெட்" என்றார் கிளமென்ட்.

"சரி. ஆமா, உங்காளுக்கு உடம்புகிடம்பு சரியில்லையா?"

"ராட்னிக்கா? மத்தியானம் டீக்கு ஆறு சாண்ட்விச் தின்னாரு. நான் எண்ணினேன்."

"அப்புறம் ஏன் இப்படிக் கட்டை போடறாரு?"

கிளமென்ட் ஃபிளாஸ்க்கைத் திறந்துகொண்டே என்னை விநோதமாகப் பார்த்தார். "டிராவுக்குத்தான். பின்ன எதுக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டிராவா? இன்னிக்கு ஏது டிரா?"

எங்கள் லீக்கில் ஒரே வருடத்துக்குள் இரண்டு விதமான ஆட்ட முறை உண்டு. இரண்டிலும் அணிக்கு நாற்பத்தைந்து ஓவர். மே மாதத்திலும் ஆகஸ்ட் தொடங்கி சீசன் முடியும்வரையும் ரன் அதிகம் எடுத்த அணிக்கு வெற்றி, அவ்வளவுதான். நடுவில், ஜூனிலும் ஜூலையிலும், பழைய முறை. பந்து போடுகிற அணி பத்து விக்கெட்டையும் எடுத்தால்தான் அதற்கு வெற்றி. ஒரு விக்கெட் மிஞ்சினாலும் ஆட்டம் டிரா. ஏன் இப்படி என்று கேட்டால் லீக் கமிட்டியில் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். பிப்ரவரியில் எங்கள் அட்டவணைச் செயலாளர் ஹெட்லி வருடத்தின் எல்லாச் சனிக்கிழமைகளையும் ஒரு மடிப்பு அட்டையில் அச்சடித்துக் கொடுப்பார். டிரா உண்டு என்றால் தேதிக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி இருக்கும். அந்த அட்டையை வைத்துத்தான் எங்கள் ஊரில் கல்யாணத் தேதியே குறிப்பார்கள்.

"இன்னிக்கு செப்டம்பர், கிளமென்ட். பச்சைப் புள்ளியெல்லாம் ஜூலையோட முடிஞ்சுது" என்றேன்.

"மாசம் செப்டம்பர்தான். ஆட்டம் ஜூன் ஆட்டமில்ல?"

உண்மைதான். ஜூன் மூன்றாம் சனிக்கிழமை ஆட வேண்டிய ஆட்டம் இது. அன்று மைதானத்தில் வாத்து நீந்தியது. அதனால் கடைசியில் காலியாக இருந்த சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள்.

"தள்ளிவச்சா என்ன? ஆடற தேதிதானே கணக்கு?"

"அப்படின்னு யாரு சொன்னா?"

யார் சொன்னது? யோசித்துப் பார்த்தேன். யாருமே சொல்லவில்லை. ஹெட்லி அனுப்பிய புதுப் பட்டியலில் பச்சைப் புள்ளி இல்லை, அதைப் பார்த்து நாங்கள் பதினொரு பேரும், என்னையும் சேர்த்தால் பன்னிரண்டு பேரும், அப்படியே நினைத்துக்கொண்டோம். டாஸ் போடும்போதும் பேச்சு எழவில்லை. யாராவது ஒரு ஆள் பந்தைப் போட்டுக்கொண்டே இருந்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும். ஏனென்றால் ரன் கணக்கு ஆட்டத்தில் ஒருவருக்கு ஒன்பது ஓவர்தான். ஆனால் பென்ஃபோர்ட்டில் எப்போதும்போல ஏழு பேர் மாறி மாறிப் போட்டார்கள்.

"புத்தகம் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

கிளமென்ட் பைக்குள் கையை விட்டு லீக் புத்தகத்தை எடுத்தார். அதற்குள் அடுத்த ஓவர் தொடங்கிவிட்டது. ஒரு கண்ணால் பந்தையும் இன்னொரு கண்ணால் எழுத்தையும் பார்த்தேன். பதினான்காம் விதி, கடைசி வரி: தள்ளிவைக்கப்பட்ட ஆட்டம், முதலில் குறித்த வாரத்தின் முறைப்படியே ஆடப்படும்.

ராட்னி முட்டாளில்லை. எல்லைக் கோட்டில் நின்று சிரித்துக்கொண்டிருந்த நாங்கள்தான் முட்டாள்கள்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு கிளமென்ட் தன் தொடையில் அடித்துக்கொண்டார். "அடச்சே! இந்த வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். மியூரியல், இந்த அறையில பேசினது இந்த அறைக்குள்ளயே இருக்கணும், ஆமா."

"அச்சடிச்சு எல்லாருக்கும் குடுத்த புத்தகம் இது. இதுல ரகசியம் எங்க வந்துச்சு?"

"நியாயம்தான்" என்றார் வெறுப்பாக. "படிக்காதவங்க சார்பா வாதாட உங்களுக்கு நல்லா வருது."

ஸ்கோர் அறையிலிருந்து மைதானத்துக்குக் கத்தக்கூடாது. அது எங்கள் ஊர் வழக்கம். ஆனால் ஹெட்லி வழக்கம்போல நாயோடு மைதானத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ஜன்னலுக்கு நேராக வந்ததும் புத்தகத்தை வெளியே நீட்டினேன்.

"படிங்க. கடைசி வரி."

படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். "ஐயையோ. புள்ளிய வைக்காம விட்டது நான்தான் மியூரியல்."

"அழறதுக்கு அப்புறம் நேரமிருக்கு. இன்னும் அஞ்சு விக்கெட் எடுக்கணும். ஓடுங்க!"

காரணமில்லாமல் மைதானத்துக்குள் போக முடியாது. ஹெட்லி பெஞ்சில் கிடந்த ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் தூக்கிக்கொண்டு, அந்த வெயிலில், அறுபத்தெட்டு வயதில், நெவிலைப் பார்த்து ஓடினார். ஓவர் முடிந்திருந்தது.

"ஸ்வெட்டரா? எனக்கே கழுத்தெல்லாம் வேர்த்து ஊத்துது" என்று நெவில் சொன்னது எனக்கே கேட்டது. அதன்பின் ஹெட்லி சொன்னது கேட்கவில்லை. நெவில் ஸ்வெட்டரைத் தரையில் வீசியதைத்தான் பார்த்தேன்.

மீதி ஏழு ஓவர், ஐந்து விக்கெட்.

எல்லைக் கோட்டில் நின்ற அத்தனை பேரும் உள்ளே ஓடி வந்தார்கள். ராட்னியைச் சுற்றி ஆறு பேர், கை நீட்டினால் தொடும் தூரத்தில். ஒன்பது ஓவரோடு தன் வேலை முடிந்தது என்றிருந்த நெவில் பந்தைத் தானே வாங்கிக்கொண்டார். டிரா ஆட்டத்தில் ஓவருக்கு வரம்பில்லை.

ராட்னி சுற்றுமுற்றும் பார்த்தார். வெளியே மைதானம் காலி. ஆசை யாரை விட்டது? இரண்டு பந்தைத் தூக்கி அடித்தார், இரண்டும் நான்கு. மூன்றாவதையும் தூக்கினார். அது நேரே மேலே போய் நெவில் கைக்கே திரும்பி வந்தது.

"டிராவுக்கு ஆடற மூஞ்சியா இது?" என்று கிளமென்ட் பேப்பரைப் பார்த்துத் திட்டினார்.

எங்கள் டிவிஷனுக்குத் தனி அம்பயர் கிடையாது. பேட் செய்கிற அணியிலிருந்தே இரண்டு பேர் வெள்ளைக் கோட்டு போட்டு நிற்பார்கள். நெவில் பந்து போடும் முனையில் நின்றவர் அவர்களுடைய தபால்காரர், கடைசியாக பேட் செய்ய வேண்டியவர். அவர் கோட்டைக் கழற்றி ராட்னிக்கு மாட்டிவிட்டு, கால் கவசம் கட்ட ஓடினார்.

நாற்பதாவது ஓவரில் ஒரு விக்கெட். நாற்பத்தொன்றில் ஒன்று. அப்புறம் இரண்டு ஓவர் ஒன்றுமில்லை. நாற்பத்துநான்காவதின் கடைசிப் பந்தில் இன்னொன்று. ஒன்பது போயிற்று.

கடைசி ஓவர் நெவில் போட்டார். எதிரே இருந்த ஆட்டக்காரர் முதல் பந்தில் ஒரு ரன் ஓடிவிட்டார். மீதிப் பந்துகளுக்கு மாட்டியவர் தபால்காரர். நான்கு பந்தை எப்படியோ தடுத்தார். அதில் ஒன்று மூக்கில் பட்டது.

ஆறாவது பந்து தாழ்ந்து வந்து அவர் முன்காலில் மொத்தென்று மோதியது.

பதினொரு பேரும் அலறினார்கள். ஜன்னலுக்கு வெளியே ஹெட்லியின் நாயும் அலறியது. அம்பயர் கோட்டில் நின்ற ராட்னி அவசரப்படவில்லை. பந்தை எண்ணுவதற்காக வைத்திருந்த கூழாங்கற்களில் ஆறாவதை வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றினார். இல்லை என்று தலையாட்டினால் போதும், ஆட்டம் டிரா. கேட்க ஆளில்லை.

அவர் விரல் மேலே போனது.

"யோவ் ராட்னி!" என்றார் தபால்காரர். "நான் உன் டீம்யா!"

"அது தெரியும். ஸ்டம்புக்கு நேரா கால் குறுக்க இருந்துச்சே, என்ன பண்ணச் சொல்ற? நட, குடிக்கப் போலாம்."

நெவில் புல்லில் மல்லாந்து படுத்துவிட்டார். அவரைப் பார்த்தபடியே நான் எல்.பி.டபிள்யூ என்று எழுதியதை என்னாலேயே படிக்க முடியவில்லை. கிளமென்ட் தன் நோட்டில் நிதானமாக எழுதி, கீழே கோடு இழுத்து, என் பக்கம் திருப்பினார்.

"நூத்தி இருபது, ஆல் அவுட். சரியா?"

"சரி."

"இதையும் எழுதிக்குங்க" என்றார், ஃபிளாஸ்க்கை மூடிக்கொண்டே. "இந்த சீசன் முழுக்க எங்க கேப்டன் எடுத்த ஒரே விக்கெட்டு இதுதான்."