பத்து நாள் சேவை

"வேண்டாமுங்க சாமி. நான் ஜெயிலுக்கே போயிக்கறனுங்க" என்றார் மாரிசாமி.

மைசூரு நீதிமன்றத்தின் அந்த அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. தண்டனை அதிகம் என்று அழுதவர்களை நீதிபதி எத்தனையோ பேர் பார்த்திருப்பார். சிறையைக் கேட்டு வாங்குகிறவரை இப்போதுதான் பார்க்கிறார் போலிருந்தது.

தமிழ்நாட்டு எல்லையோரக் கௌதள்ளிக்காரரான மாரிசாமிக்கு மைசூரின் ஹெப்பாள் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. ஒருநாள் அக்ரஹாரம் பகுதியில் பசவராஜின் ரிப்பேர் கடை வாசலில் இருந்த மிக்சியைப் பையில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். தெருமுனைக் கேமராவில் பையும் முகமும் தெளிவாக விழுந்திருந்தன. மூன்றாம் நாள் போலீஸ் வந்தது. மிக்சி கடைக்கே திரும்பிப் போயிற்று. இன்று நீதிபதி கேட்டதும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இப்படிப்பட்ட வழக்குக்குப் புதிய சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. பொருளின் மதிப்பு ஐயாயிரம் ரூபாய்க்குள், இதற்கு முன் தண்டனை பெற்றதில்லை, பொருளும் திரும்பிவிட்டது என்றால் சிறை கிடையாது, சமூக சேவைதான். அதைச் செய்ய மறுத்தால் சிறை. நீதிபதி கன்னடத்தில் "ஹத்து தின சமுதாய சேவெ" என்று பத்து நாள் சேவை விதித்தபோது வழக்கறிஞர் அஷ்வினி நிம்மதிப் பெருமூச்சு விட்டாள். அடுத்த நொடியே மாரிசாமி வாயைத் திறந்தார்.

சிறைக்குப் போனால் வேலை போய்விடும். ஒப்பந்தக்காரர் ஒரு வாரம்கூடக் காத்திருக்கமாட்டார்.

அஷ்வினி பத்து நிமிடம் அவகாசம் கேட்டு அவரை வராந்தாவுக்கு அழைத்து வந்தாள். இலவச சட்ட உதவி மையம் அவருக்காக வாதாட அனுப்பியவள்; மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். மாரிசாமியின் மனைவி தேவம்மாவும் பின்னால் வந்தார்.

"என்னண்ணா இது? ஜட்ஜ் நல்லதுதானே சொன்னாங்க, ஏன் வேண்டாம்னுட்டீங்க?"

"எங்கூரு மாதேஸ்வரன் மலைக்குப் போற வழிங்க அம்மணி. சேவைன்னா எனக்குத் தெரியாதுங்களா? மொட்டை அடிச்சு, ஈரத்துணியோட கோயிலைச் சுத்தி உருளணும். சாமிக்கு வேண்டிக்கிட்டு உருண்டா அது பக்தி. மிக்சி திருடினவன்னு சொல்லி, சமுதாயத்துச் சனம் அத்தனையும் பாக்கப் பத்து நாளு உருண்டா?"

"மிக்சியத் தூக்கறப்ப இந்த வெக்கம் எங்க போச்சாம்?" என்றார் தேவம்மா. "உருண்டாத் தொப்பையாச்சும் குறையும்."

அஷ்வினிக்கு இப்போது புரிந்தது. சேவை என்றால் மாரிசாமிக்கு மாதேஸ்வரன் மலை. சமுதாயம் என்றால் அவருடைய சாதிசனம். இரண்டுமே அவருக்குத் தெரிந்த சொற்கள், அதுதான் சிக்கல். தெரியாத சொல்லாக இருந்திருந்தால் பொருள் கேட்டிருப்பார்.

"உருள்றது கிடையாதுண்ணா. மொட்டையும் இல்ல. இங்க சமுதாயம்னா பொதுஜனம், எல்லாரும்தான். சேவைன்னா வேலை. கவர்மென்ட் ஸ்கூல், பார்க், எங்கயாவது காலைல ரெண்டு மணி நேரம்."

"வேலையா? அது நான் தெனமும் செய்யறதுங்களே. அதெப்படித் தண்டனை ஆகும்?"

"கூலி கிடையாது. அதான் தண்டனை."

மாரிசாமி விடவில்லை. "நான் பார்க்குல புல்லு வெட்டினா பசவராஜுக்கு என்னங்க லாபம்?"

அஷ்வினி வழக்குக் கட்டை ஜன்னல் திண்டில் வைத்தாள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதென்றால் அவளுக்குக் கை இரண்டும் வேண்டும்.

"அவருக்கு மிக்சி வந்துடுச்சு. ஆனா இப்ப அந்தத் தெருவுல யாரும் வாசல்ல ஒரு சாமான் வைக்கறதில்ல. பை எடுத்துட்டு யார் போனாலும் முறைச்சுப் பார்க்கறாங்க. அந்த நஷ்டம் எல்லாருக்கும்தானே? அப்ப எல்லாருக்கும் திருப்பித் தரணும். நீங்க ஜெயில்ல உக்காந்தா சர்க்கார் உங்களுக்குச் சோறு போடும், பழைய கள்ளனுங்க நாலு பேர் சிநேகம் ஆவாங்க. ஊருக்கு என்ன கிடைக்கும்?"

"அப்பப் பயம் வேண்டாமுங்களா? பயமில்லாட்டி ஆளாளுக்குத் தூக்குவாங்களே."

"எத்தனை வருஷம் கிடைக்கும்னு யோசிச்சா எடுத்தீங்க?"

"எங்கீங்க யோசிச்சேன்? கை போயிருச்சு."

"போலீஸ் வந்தப்போ?"

"கால் ரெண்டும் நடுங்கிப் போச்சுங்க."

"பார்த்தீங்களா? மாட்டிக்குவோம்னு தெரிஞ்சாலே பயம் வந்துடும். மேல மேல வருஷத்தைக் கூட்டிட்டே போறதால பெருசா ஒண்ணும் ஆகாது."

உள்ளே போனதும் நீதிபதி மறுபடி கேட்டார்.

"ஒப்பிகெ சாமி" என்று சம்மதம் சொன்ன மாரிசாமி, தமிழுக்குத் தாவினார். "உருள்றது இல்லீன்னா எத்தனை நாளு வேணும்னாலும் செய்யறனுங்க."

அஷ்வினி நடந்ததையெல்லாம் கன்னடத்தில் விளக்கினாள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க நேரம் பிடித்தது.

"ஹத்து தின சாக்கு" என்றார். பத்து நாளே போதும்.

அரசுப் பள்ளி ஒன்றின் தோட்ட வேலை. காலை ஏழிலிருந்து ஒன்பது வரை. உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்த மாரிசாமி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் தேவம்மாவின் கையிலிருந்த சோற்றுப் பையை வாங்கினார். மணி பன்னிரண்டரை. இரண்டாம் ஷிப்டு ஆரம்பிக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. ஹெப்பாள் பஸ்ஸுக்கு இருவரும் வேகமாக நடந்தார்கள்.