ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவில்

எங்கள் கட்டடத்தின் பதினோராம் மாடியில் குடியிருக்கும் லிஃப்ட் மெக்கானிக்குக்கு நான் வைத்த பெயர் 'ஆச்சு'. பழுதைச் சரிசெய்துவிட்டு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஆறு வருஷத்தில் அவரிடமிருந்து நான் கறந்தது மொத்தம் ஒன்பது வார்த்தை. அதில் நாலு 'ஆச்சு'. நானூறு லிஃப்டுக்கு அவர் கை பட்டிருக்கிறது. பேச்சுத் துணைக்கு ஒரு மனுஷர் கிடையாது.

நான் அப்படியில்லை. நான் வாயைத் திறந்தால் எதிர்வீட்டு ஏசி தானாக நின்று காது கொடுக்கும்.

அவருக்கு இடது கண்ணில் புரை. மாசக் கடைசியில் கம்பெனியில் கண்ணைச் சோதிப்பார்கள்; தேறாவிட்டால் கயிறு கட்டிக்கொண்டு லிஃப்ட் குழிக்குள் இறங்கும் வேலை போயிற்று. ஆஸ்பத்திரியிலோ ஒரு விதி: ஆபரேஷன் முடிந்ததும் வீட்டுக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும். ஆள் இல்லை என்று ஒரு தடவை திருப்பி அனுப்பியாயிற்று. இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. உங்களைக் காக்க வைப்பானேன் என்று முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டாவது தடவையாகக் கொடுத்த தேதிக்கு முதல் நாள் சாயங்காலம் அவரும் நானும் ஒன்பதாம் மாடித் தையல்கார அம்மாவும் லிஃப்டில் ஏறினோம். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் நின்றுவிட்டது.

"நீங்கதானே மெக்கானிக்கு? ஏதாவது பண்ணுங்க!" என்றார் தையல்கார அம்மா.

"வெளியில இருந்துதான் பண்ண முடியும்மா. ஆளுக்குச் சொல்லிட்டேன். நாப்பது நிமிஷம்."

வைத்தியரே நோயாளி வரிசையில் வந்து உட்கார்ந்த கதைதான். அந்த அம்மாவுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. நான் தைரியம் சொன்னேன்: "ஒரு தடவை நான் ஏறின லிஃப்ட் மொட்டைமாடியிலயும் நிக்காம மேல போயிடுச்சும்மா. அங்க இருக்கறவங்க நல்ல மாதிரி. உக்காரச் சொல்லித் தண்ணி குடுத்தாங்க."

"தாத்தா, உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன், வாயை மூடுங்க."

"மாட்டினவங்க பேசிக்கிட்டே இருக்கணும், மூச்சு சீராகும்" என்றார் மெக்கானிக். "எங்க தொழில்ல முதல் பாடம். ஏதாவது பேசுங்கம்மா."

"என்னால முடியல. நீங்க பேசுங்க!"

பன்னிரண்டு மாடி ஆழத்துக்கு மேலே ஒற்றைக் கயிற்றில் தொங்கிக்கொண்டு கொட்டாவி விடுகிறவர் அவர். நானே பார்த்திருக்கிறேன். அந்த மனுஷன் வேலை செய்யாத பட்டன்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து மடித்த படிவம் ஒன்றை எடுத்தார்.

"நாளைக்குக் கண் ஆபரேஷன். கூட வர்ற ஆளோட நம்பர் கேக்கறாங்க. போன தடவை என் நம்பரையே எழுதிட்டேன். சரிபார்க்க நர்ஸம்மா போன் போட்டாங்க. என் பாக்கெட்லயே அடிச்சுது."

"அப்புறம்?" என்றார் தையல்கார அம்மா.

"எடுத்து, 'ஹலோ, வந்துக்கிட்டே இருக்கேன்'னு சொன்னேன். அவங்க எதிர்லதான் உக்காந்திருந்தாங்க."

தையல்கார அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூச்சு தானாக வழிக்கு வந்தது. மெக்கானிக் சிரிக்கவில்லை.

"யாரையும் கேட்டுப் பழக்கமில்லைங்க. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் வருவீங்களா?"

எழுபத்தாறு வருஷமாக ஓயாமல் பேசுகிறவன் நான். அப்படி ஒரு வாக்கியம் என் வாயிலிருந்து வந்ததில்லை. மனைவி போன பிறகு முதுகுக்குத் தைலம் தடவ ஆளில்லாமல், சுவரில் தைலத்தைத் தடவி அதில் முதுகைத் தேய்த்துக்கொண்டவன். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியதில்லை. கயிற்றில் தொங்குவது பெரிய தைரியம் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"எத்தனை மணிக்கு?" என்றார் தையல்கார அம்மா.

"ஏழு."

"ஆறரைக்குக் கீழ நில்லுங்க. தாத்தா, நீங்களும்தான். ஆனா..."

"வாயைத் திறக்க மாட்டேன்மா."

மறுநாள் ஆஸ்பத்திரியில் தையல்கார அம்மா தன் நம்பரை எழுதினார். 'உறவு' என்ற கட்டத்தில் பேனா நின்றது. ஒன்றுவிட்ட சித்தப்பாவாகிவிட நான் தயாரானேன். அதற்குள் மெக்கானிக் சொன்னார்:

"லிஃப்ட்ல கூட மாட்டினவங்கன்னு எழுதுங்கக்கா."

நர்ஸ் படித்துவிட்டு நிமிர்ந்தார். "ஓ, அந்த 'ஹலோ' சாரா?" என்று முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

மத்தியானம் மெக்கானிக்கை ஒற்றைக் கண்ணில் கட்டோடு கட்டடத்துக்குக் கூட்டிவந்தோம். லிஃப்ட் கதவு மூடியதும் அவர் பேச ஆரம்பித்தார். முதன்முதலில் கழற்றிய மோட்டாரைப் பற்றி. பாதிக் கதையில் பதினோராம் மாடி வந்து கதவு திறந்தது. யாரும் இறங்கவில்லை.

தையல்கார அம்மாதான் கீழ்த்தளத்துப் பட்டனை அமுக்கினார்.