ஒற்றை எழுத்துப் பதில்

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவருக்கு வாய் என்று ஒன்று இருப்பதே சாப்பிடும்போதுதான் தெரியும் என்பாள் அவர் மனைவி. அவளுடைய தம்பி நேர் எதிர். லிஃப்ட் மெக்கானிக், தனிக்கட்டை. உலகத்தில் எந்த மூலையில் எது நடந்தாலும் அதைப் பற்றி அவனிடம் ஒரு கருத்து தயாராக இருக்கும். வீட்டில் அவனுக்கு ஐ.நா. சபை என்று பெயர்.

மேல்வீடு, கீழ்வீடு என்று ஒரே கட்டடத்தில் இருந்தவரை வண்டி நன்றாகத்தான் ஓடியது. வேலை முடிந்து வந்தவன் ஷூவைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவான்.

"மாமா, ஒரு ஊர் ஜனங்க எப்படின்னு தெரியணும்னா லிஃப்ட் பட்டனைப் பாருங்க. கதவை மூடுற பட்டன் தேஞ்சு கிடக்கும். திறக்கிற பட்டன் புதுசாவே இருக்கும். இவங்க எல்லைச் சண்டை போடாம வேற என்ன பண்ணுவாங்க?"

"ம்" என்பார் அவர்.

அந்த 'ம்' லேசுப்பட்டதல்ல. இழுத்துச் சொன்னால் 'மேலே சொல்லு'. கடைசியில் தூக்கினால் 'கதை விடாதே'. மூக்கோடு சுருக்கமாக வந்தால் 'சரிதான், ஆனால் ஒத்துக்கொள்ள மனசில்லை'. மச்சானுக்கு இந்தப் பாஷை தண்ணீர் பட்ட பாடு.

பிறகு அவனுக்கு ஊரின் மறுகோடியில் வேலை மாறியது. வீட்டையும் அங்கேயே மாற்றிக்கொண்டான். கருத்துகள் மட்டும் காலையில் குரல் செய்தியாக வந்து விழுந்தன. ரோபோவுக்கு நன்றி சொல்லலாமா, தட்டில் இருப்பதைப் படம் பிடிக்கிறவனுக்குப் பசி எங்கே போகிறது, சமாதானம் பேசப் போகிற தலைவர்கள் ஏன் அவ்வளவு நீளமான மேஜையில் உட்காருகிறார்கள். அவர் போனை லென்ஸ் தட்டில் சாய்த்துவைத்து, மெஷினை நிறுத்திவிட்டு, முழுவதையும் கேட்பார். கேட்டு முடித்ததும் 'ம்' என்று தட்டி அனுப்புவார். அவரைப் பொறுத்தவரை வாய்விட்டுப் பேசியதற்கு அதுவே சமம்.

திடீரென்று செய்தி நின்றது. வேலை அதிகம் போலும் என்று முதலில் விட்டார். ஒரு வாரம் ஓடியது. பின்னறை அவருக்கே பிடிக்காத அளவுக்கு அமைதியாகிவிட்டது. ஒரு ஜோடி லென்ஸை இடம் வலம் மாற்றித் தேய்த்து வைத்தார். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அன்று சாப்பாட்டின்போது வாயைத் திறந்தார். "உன் தம்பிக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?"

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "கேக்கறதப் பாரு. நீங்கதானே வராதேன்னு சொன்னீங்க?"

"நானா?"

"அவன் அந்தப் பக்கமே நிரந்தரமா வீடு பாத்துட்டான். நாளைக்குப் பேசி முடிக்கிறானாம். போனை எடுங்க."

கடைசிச் செய்தியைப் போட்டாள். லிஃப்ட்டில் ஏறுகிற எல்லாரும் ஏன் போனையே பார்க்கிறார்கள் என்று ஆரம்பித்திருந்தான். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கப் பயம், இந்தக் காலத்து வியாதி அது என்றான். கடைசியில் குரல் கொஞ்சம் இறங்கியது. "இங்க ஒண்ணும் ஒட்ட மாட்டேங்குது மாமா. வேலைக்கு அங்கேருந்தே வந்து போயிக்கலாம்னு பாக்கறேன். மேல்வீடு இன்னும் காலிதானா? நான் திரும்ப வந்தா உங்களுக்குத் தொந்தரவா இருக்குமா?"

அதற்குக் கீழே அவருடைய பதில்: 'ம்'.

அவர் கையிலிருந்த கவளத்தைத் தட்டில் போட்டார். "நான் 'வாடா'ன்னு சொன்னேன்."

"அது உங்க தொண்டைக்குத் தெரியும். போனுக்குத் தெரியுமா?"

மறுநாள் காலை வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டு, கடைக்கு லீவு சொல்லிவிட்டு, மச்சான் வேலை செய்கிற கட்டடத்துக்குப் போனார். லிஃப்ட் நின்றிருந்தது. மூச்சு வாங்க ஏழாவது மாடி ஏறினால், திறந்த கதவுக்குள் பாதி உடம்பை விட்டு நட்டு முடுக்கிக்கொண்டிருந்தான்.

"லிஃப்ட் ஓடாது, படியில போங்க" என்றான் திரும்பாமலே.

"படியிலதான் வந்தேன்."

மச்சான் வெளியே வந்தான். முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது. "என்ன மாமா? அக்காவுக்கு ஒண்ணும் இல்லியே?"

அவர் இல்லை என்று தலையாட்டினார். வழியெல்லாம் சேர்த்துவைத்த வாக்கியம் ஏறின படிகளில் எங்கேயோ கொட்டிப்போயிருந்தது. மச்சான் காத்திருந்தான். முன்பெல்லாம் இந்த மாதிரி நேரத்தில் அவனே பேசி ஒப்பேற்றிவிடுவான். இன்று ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு சும்மா இருந்தான்.

"நீ சொன்னது தப்பு" என்றார் கடைசியில்.

"எது?"

"லிஃப்ட்ல போனைப் பாக்கறது. பயம்னு சொன்னியே. பயம் இல்ல, கூச்சம். ரெண்டும் வேற. பயந்தவன் தனியா இருந்தா நிம்மதியா இருப்பான். கூச்சக்காரன் யாராவது பேசமாட்டாங்களான்னு பாத்துட்டு நிப்பான். என்ன பேசறதுன்னு தெரியாது, அவ்வளவுதான். ஒத்த எழுத்துல பதில் போட்டா, வேணாம்னு அர்த்தம் இல்ல."

மச்சான் வாயைப் பிளந்தான். "மாமா, இத்தனை வார்த்தையா? அக்கா எழுதிக் குடுத்தாங்களா?"

"போடா."

அவர் சட்டைப் பையிலிருந்து மேல்வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினார். "வீட்டுக்காரர்கிட்ட வாங்கிட்டேன். இங்க பாத்த வீட்டை வேணாம்னு சொல்லிடு."

மச்சான் தன் கைகளைப் பார்த்தான். முழங்கை வரை கிரீஸ். "பாக்கெட்ல போடுங்க" என்றான். அவர் போட்டுவிட்டு, பாக்கெட்டின் மேல் இரண்டு தட்டும் தட்டிக்கொடுத்தார்.

மச்சான் தொண்டையைச் செருமினான்.

"ஆனா மாமா, இந்தக் கூச்சம் விஷயத்துல எனக்கு ஒரு கருத்து..."

"தப்பு" என்று சொல்லிவிட்டு, கேட்பதற்கு வசதியாகப் படியில் உட்கார்ந்தார் அவர்.