புயல் நுழையாத சமையலறை

பிஜித் தீவுகளில், லம்பாசாவில் யோகேந்திராவின் சமையலறையைப் பார்க்காதவர்கள் இரண்டே வகைதான். ஒன்று, இன்னும் பிறக்காதவர்கள். மற்றது, அவர் வருவதைக் கண்டு கரும்புக்குள் பதுங்கிக்கொண்டவர்கள்.

எழுபத்திரண்டாம் வருஷத்துப் புயல் அவருடைய வீட்டுக் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. மாட்டுக் கொட்டகையை மாட்டோடு பத்தடி நகர்த்தி வைத்தது. பக்கத்து வீட்டு ஜிதேந்திராவின் சமையல் கொட்டகையைக் கடல் தாண்டித் தாவேயுனித் தீவில் இறக்கிவிட்டதாகவும், அங்கே யாரோ அதில் இன்னும் சோறு பொங்குவதாகவும் கேள்வி. அன்றைக்கு யோகேந்திரா ஒரு சபதம் எடுத்தார்: இனி எந்தப் புயலும் நுழையாத ஒரு சமையலறை. இரட்டைத் தகரம், கரும்பு ரயில் தண்டவாளத்து ஆணி, ஆணி அடித்த ஓட்டைக்கெல்லாம் தார். குனிந்து நுழைய ஒரு வாசல். அவ்வளவுதான்.

"ஜன்னல் எங்கய்யா?" என்று யாராவது கேட்டால் போதும், முகம் மலர்ந்துவிடும்.

"ஜன்னலா? அது புயலுக்கு வெத்தல பாக்கு வச்சுக் கூப்புடற வேல!"

அதற்குப் பிறகு வந்த புயல்கள் எல்லாம் வாசல்வரை வந்து, கும்பிட்டுவிட்டுப் போயின. இது அவர் வாக்கு.

உள்ளே பதினைந்து வருஷமாகச் சமைத்தவள் அவர் மனைவி இந்திராவதி. மண் அடுப்பு, கொய்யாக் கட்டை, தேங்காய் மட்டை, மழைநாளில் ஈரக் கரும்புச் சோகை. சுவரில் படிந்த கரியைச் சுரண்டினால் ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் கண்மை வைக்கலாம். இந்திராவதி இருமுவாள். காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம். வயலில் கரும்பு வெட்டுகிறவர்கள் அந்த இருமலைக் கேட்டுத்தான் சாப்பாடு தயாராகிறது என்று தெரிந்துகொள்வார்கள். யோகேந்திராவைப் பொறுத்தவரை அது அவளுடைய மூக்குத்தி மாதிரி, அவளோடு வந்த ஒன்று.

எண்பத்தேழில் சிப்பாய்கள் துப்பாக்கியோடு பார்லிமென்டுக்குள் போய், இந்தியர்கள் நிறைய இருந்த அரசாங்கத்தைக் கவிழ்த்தார்கள். வருஷம் முடிவதற்குள் ஊரில் பாதிப் பேர் பெட்டி கட்டிவிட்டார்கள். மீதிப் பாதி கடைக்குப் போனால் பெட்டி தீர்ந்துவிட்டது. நியூசிலாந்தில், ஆக்லாந்தில் கட்டிக்கொடுத்த மகள் ரோஷ்னி, பிள்ளை உண்டாகியிருந்தவள், அப்பா அம்மாவை அங்கேயே அழைத்துக்கொள்ளக் காகிதம் போட்டாள். எல்லாம் சரியாகி, கடைசியில் ஒரே ஒரு படிதான் பாக்கி: தலைநகர் சுவாவில் டாக்டரிடம் நெஞ்சு எக்ஸ்ரே படம்.

இரண்டு பேரும் ராத்திரிக் கப்பலில் போனார்கள். டாக்டரம்மா யோகேந்திராவின் படத்தைப் பார்த்துத் தலையாட்டினாள். இந்திராவதியின் படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள், திருப்பிப் பிடித்தாள், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தாள்.

"அம்மா, நீங்க சுருட்டுப் பிடிப்பீங்களா?" என்று தீவு இந்தியர்களுக்குப் பொதுவான ஹிந்தியில் கேட்டாள். "நாப்பது வருஷம் சுருட்டுப் பிடிச்ச கிழவன் நெஞ்சு மாதிரி இருக்கு."

இந்திராவதிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்புக்குப் பின்னாலேயே இருமல் வந்தது.

"காசநோயாவும் இருக்கலாம். சளியைச் சோதிக்கணும். மூணு மாசம் கழிச்சு இன்னொரு படம். படத்துல தெரியற இந்த நிழல் வளர்ந்திருந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன்." டாக்டரம்மா யோகேந்திராவைப் பார்த்தாள். "உங்களுக்குத் தடை இல்ல. நீங்க முன்னால போகலாம்."

"அவ இல்லாம நான் எங்கம்மா போறது? என் சட்டை எந்தப் பெட்டியில இருக்குன்னே எனக்குத் தெரியாது."

"வீட்டுல எதுல சமைக்கிறீங்க? விறகா?"

யோகேந்திரா நாற்காலியில் நிமிர்ந்தார். இரட்டைத் தகரம், தண்டவாள ஆணி, தார், ஜிதேந்திராவின் கொட்டகை தாவேயுனிக்குப் போன கதை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். டாக்டரம்மா பேனாவை மேசைமேல் வைத்தாள்.

"காத்து உள்ள வர வழியில்லன்னா, புகை வெளிய போறது எப்படி?"

திரும்பி வரும் கப்பலில், அவர்களுடைய தீவான வனுவா லெவுவின் மலைகள் தெரியும்வரை யோகேந்திரா அண்ணாந்து கப்பலின் புகைப்போக்கியையே பார்த்துக்கொண்டு நின்றார். கப்பல்காரர்கள் அவருக்கு உடம்பு சரியில்லை என்று எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

கரையில் கால் வைத்ததும் சொன்னார்: "இந்திரா, மூணு மாசம் நீ அடுப்பங்கரைப் பக்கம் வரக் கூடாது. நான் சமைக்கறேன்."

"நீங்களா? தண்ணி காயுதான்னு பாக்கவே ஆள் கூப்புடுவீங்களே!"

யோகேந்திராவுக்கு நெருப்பு ஒரு பொருட்டே இல்லை. பன்னிரண்டு வருஷம் மாரியம்மன் கோயிலில் பத்து நாள் விரதம் இருந்து, மஞ்சள் துணி கட்டிப் பூக்குழி இறங்கியவர். பாதத்தில் ஒரு கொப்புளம் கிடையாது. அந்தப் பாதத்தோடு மறுநாள் காலை, குனிந்து சமையலறைக்குள் நுழைந்தார்.

பதினோரு நிமிஷம். அதற்குமேல் ஒரு நொடி இல்லை. வாசல் வழியாகப் புகையும் அவரும் ஒன்றாக வெளியே விழுந்தார்கள். கண், மூக்கு, வாய் எல்லாவற்றிலிருந்தும் லம்பாசா ஆறு ஓடியது. கையில் கருகின ஒரு ரொட்டி.

வேலிக்கு அந்தப் பக்கம் ஜிதேந்திரா ரசித்துக்கொண்டிருந்தான். "அரே யோகி அண்ணே! தீமிதிச்ச வீரரு தேம்பித் தேம்பி அழறாரு! அம்மனுக்குச் சொல்லி அனுப்பவா?"

"போடா! தாவேயுனில போயி உன் கொட்டகையத் தேடு!"

மாமரத்தடியில் உட்கார்ந்திருந்த இந்திராவதி எழுந்து வந்து, முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

"நின்னுக்கிட்டா சமைச்சீங்க? நின்னா செத்துப்போவோம். தரையோட தரையா உக்காரணும். முட்டிக்குக் கீழ புகை இருக்காது. மாவு பெசையறது, காய் நறுக்கறது எல்லாம் வெளிய. கொழம்பு கொதிக்கிற வரைக்கும் வாசல்ல தலைய நீட்டிக்கலாம். ரொட்டி போடறப்போ மட்டும் மூச்சப் புடிச்சுக்கணும். ஒரு ரொட்டிக்கு ஒரு மூச்சு."

யோகேந்திரா அவளையே பார்த்தார். அவர் வீட்டில் ஒரு வேளைக்கு இருபது ரொட்டி. பூக்குழி பத்தே அடி, அதுவும் வருஷத்துக்கு ஒருதரம், மேளத்தோடு, மாலையோடு.

"இத்தன வருஷம் ஏன் சொல்லல, இந்திரா?"

அவள் கருகின ரொட்டியை வாங்கிக் கரியைச் சுரண்டினாள்.

"வர்றவங்களுக்கெல்லாம் காட்டிக் காட்டி அவ்ளோ சந்தோஷப்பட்டீங்க. அதுல ஓட்டை போடுங்கன்னு எப்படிச் சொல்றது?"

யோகேந்திரா எழுந்தார். கொட்டகைக்குப் போய்ச் சுத்தியலும் உளியும் எடுத்து வந்தார். தண்டவாள ஆணி லேசில் வரவில்லை. சுத்தியல் போட்ட சத்தத்தில் கரும்பு ஆலையே சங்கு ஊதிவிட்டது என்று நினைத்து ஷிப்டு மாறினார்களாம்.

"அண்ணே, விட்டுட்டுப் போகப்போற வீட்டுக்கு ஜன்னலா?" என்றான் ஜிதேந்திரா.

"போனாதான் போகப்போற வீடு. மூணு மாசம் அவ நெஞ்சுதான் எனக்கு வீடு. வந்து தகரத்தைப் புடி."

கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று, கூரையில் புகை போக ஒன்று. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மனசு ஆறாமல் இன்னும் நாலு வெட்டினார். கடைசியில் அது சமையலறை மாதிரியும் இல்லை, சல்லடை மாதிரியும் இல்லை. முதல் நாள் புகை, பதினைந்து வருஷம் சிறையிருந்தவன் விடுதலையாகிப் போவதுபோல நீளமாக எழுந்து வெளியே போனபோது, அவருக்கு என்னவோ வெட்கமாக இருந்தது.

மூன்று மாசம் அவரே சமைத்தார். அவர் ரொட்டிகள் எல்லாம் வனுவா லெவு வரைபடம் போலவே வந்தன, குடாக்களோடு. இந்திராவதி ஒன்றுவிடாமல் சாப்பிட்டாள். சாயங்கால இருமல் குறைந்தது; வெட்டுக்காரர்கள் சாப்பாட்டு நேரம் தெரியாமல் தவித்தார்கள்.

சுவாவில் டாக்டரம்மா இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தாள். யோகேந்திரா தன்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டார், ஒரு ரொட்டிக்கு உண்டான மூச்சு.

"காசநோய் இல்ல. நிழல் வளரல. கையெழுத்துப் போடறேன்." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ஆனா பழைய தழும்பு போகாதுங்க. குளிர்ல இருமல் வரும். பத்திரமாப் பாத்துக்குங்க."

அவர் தலையாட்டினார். அந்த இருமலில் தன் தார் கொஞ்சம், தன் ஆணி கொஞ்சம் எப்போதும் இருக்கும் என்று அவருக்குப் புரிந்தது.

ஆக்லாந்தில் ஜூலைக் குளிர். ரோஷ்னி வீட்டில் கரண்டு அடுப்பு; புகை மருந்துக்கும் கிடையாது. ஆனாலும் இந்திராவதி சட்டியை வைத்ததும் யோகேந்திரா வந்து ஜன்னலைப் படாரென்று திறந்துவிடுவார்.

"அப்பா, பாப்பாவுக்குக் குளிரும்! மூடுங்க!" ரோஷ்னி ஹிந்தியில் கத்துவாள்.

"இது கரண்டு அடுப்புங்க. புகையே இல்ல," என்பாள் இந்திராவதி. "குளிர்ல எனக்கு இருமல்தான் வரும்."

அப்போதுதான் டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வரும். பதறி மூடுவார். கடுகு வெடித்ததும், கை தானாகக் கொக்கிக்குப் போகும். கடைசியில் இந்திராவதி ஒரு ஏற்பாடு செய்தாள். அவருடைய கம்பளியை எடுத்துத் தன் தோள்மேல் போர்த்திக்கொண்டு, சுட்டுவிரலைக் காட்டினாள்.

"இவ்வளவு மட்டும் தெறங்க."

அவர் ஒரு விரல் அகலம் ஜன்னலைத் திறந்துவைத்து, சமையல் முடியும்வரை அதன் பக்கத்திலேயே நின்றார்.